'ஆசியத் தோலுக்கு ஏற்ற லேசர்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள், நம் மாநிறத்துக்கு நம்பிப் போகலாமா?

டோல்கேட்_தங்கச்சி:

அக்காக்களே, அண்ணன்களே, கொஞ்சம் அவசரம். எனக்கு 26 வயது, வடசென்னையில் டோல்கேட் பக்கம் வீடு, பாரிமுனையில் கணக்கு எழுதும் வேலை, தினமும் வண்டியில்தான் போய்வருகிறேன். தை மாதம் கல்யாணம், கையில் நான்கரை மாதம் இருக்கிறது. நிறம் மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழே. தாடையில் கறுப்பாகத் தடிப்பாக முடி வளர்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை த்ரெட்டிங் செய்கிறேன், பிடுங்கிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்துக் கிடக்கிறது. இப்போது ஒரு வருடமாகக் கன்னத்திலும் பூனை முடி அதிகமாகிவிட்டது. கன்ன எலும்பு மேல் இரண்டு பக்கமும் மங்கு, பழுப்புத் திட்டாக. கழுத்துக்குப் பின்னால் வேறு கறுப்பு, எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அம்மாவுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். தலைமுடி சுருட்டை, வறட்டு வறட்டு என்று நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டில் முகூர்த்தப் புடவை பார்க்கப் போனபோது மாடியில் புதிதாக ஒரு பார்லர். வாசலில் ஆள் உயரத்துக்குக் கொரியப் பெண் ஒருத்தியின் முகம், பக்கத்தில் 'ஆசியத் தோலுக்கென்றே செய்த லேசர், கண்ணாடி போலப் பளபளக்கும் பேஷியல், முடியை நேராக்கும் கெரட்டின்', மூன்றும் சேர்த்து 18,000, மூன்றே சிட்டிங். அந்தப் போஸ்டர் மாதிரி நம் தோல் இருக்காதே என்று கேட்டதற்கு அங்கே இருந்த பெண், "நீங்களும் ஆசியாதானே மேடம்" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் 2,000 அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

யாராவது செய்திருக்கிறீர்களா? அப்புறம், இரண்டு வருடமாக ராத்திரியில் ஒரு கிரீம் போடுகிறேன், அது நன்றாகவே வேலை செய்கிறது, அதை நிறுத்த வேண்டியதில்லைதானே?

வியாசர்பாடி_அக்கா:

தங்கச்சி, காசு போனால் போகட்டும், முதலில் அந்த மெஷின் லேசரா ஐ.பி.எல்.லா என்று கேள். கிரிக்கெட் இல்லை. பளிச் பளிச்சென்று ஃப்ளாஷ் அடிக்கிற மெஷின் அது, பல பார்லர்களில் அதைத்தான் லேசர் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான் பட்டவள். மூன்று வருடத்துக்கு முன் முன்கைக்குச் செய்துகொண்டேன், நல்லவேளை முகத்துக்கு இல்லை. அடிக்கும்போதே முடி பொசுங்குகிற வாசனை வந்தது, சுடுகிறதே என்றேன், முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ராத்திரி பார்த்தால் கையில் நீள நீளக் கட்டங்கள், செங்கல் அடுக்கியது மாதிரி, மெஷின் வாய் எந்த அளவோ அந்த அளவுக்கு அச்சாக. மறுநாள் இரண்டு கட்டத்தில் கொப்புளம். காய்ந்து உரிந்த பிறகு கறுப்பாக நின்றதே, அது போக ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் முழுக்கை ரவிக்கைதான், சித்திரை வெயிலிலும்.

பிறகு நான் பார்த்த டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த வெளிச்சத்துக்குக் கண் கிடையாது, கறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சூடாகும். வெள்ளைக்காரிக்கு முடி மட்டும்தான் கறுப்பு, சூடு முடி வழியே வேருக்குப் போய்விடும். நமக்கு முடியும் கறுப்பு, தோலின் மேல்பக்கத்திலும் நிறம் இருக்கிறது, அதனால் வேருக்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கை மேல்தோலே வாங்கிக்கொள்ளும். ஐ.பி.எல்.லில் ஒரே அலை இல்லை, ஏகப்பட்ட அலைகள் கலந்து வரும். அதனால் நம் நிறத்துக்கு ஆபத்து கூடுதல்.

லேசர்ரூம்_நர்ஸ்:

அக்கா சொன்னது சரி. நான் பெரம்பூரில் ஒரு தோல் கிளினிக்கில் ஆறு வருடமாக லேசர் அறையில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நீங்களும் ஆசியாதானே" என்று அந்தப் பெண் சொன்னது வரைபடத்தில் சரி, தோலில் சரியில்லை. தோல் நிறத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை பிரிக்கிற அளவுகோல் ஒன்றை நாங்கள் பயன்படுத்துகிறோம். ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் 1975-இல் கொண்டுவந்தது. ஒரு வேடிக்கை, அவர் முதலில் பிரித்தது வெள்ளைத் தோலை மட்டும்தான், புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு எவ்வளவு அளவு கொடுப்பது என்று பார்க்க. மாநிறம், கறுப்பு எல்லாம் பின்னால் சேர்த்த எண்கள். அதில் கொரியா, ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் மூன்று, நான்கில் வருவார்கள். நம் ஊரில் நான்கும் ஐந்தும்தான் அதிகம், ஆறும் உண்டு. மூன்றாம் எண்ணுக்கு வைத்த சூட்டை ஐந்தாம் எண்ணுக்கு வைத்தால் அக்காவின் செங்கல்தான். (அந்த ஊர் போஸ்டர்களில் கண் இமைக்கு மடிப்பு வைக்கிற ஆபரேஷனும் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் 1896-லேயே செய்தார்களாம். நமக்குப் பிறக்கும்போதே இருக்கிற மடிப்புக்கு அவர்கள் காசு கொடுக்கிறார்கள், அவர்களுக்கு இயல்பாக இருக்கிற பளபளப்புக்கு நாம் கொடுக்கிறோம்.)

முடி எடுக்கிற லேசரில் மூன்று அலைநீளம் அடிக்கடி காதில் விழும். நானோமீட்டர் கணக்கில் 755 அலெக்ஸாண்ட்ரைட், 810 பக்கம் டயோட், 1064 என்.டி. யாக். எண் கூடக்கூட மேல்தோல் நிறம் அதைக் குறைவாக இழுக்கும், ஆழமும் போகும். ஐந்தாம் எண்ணுக்கு 1064 பாதுகாப்பு. டயோடிலும் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு ஒளித் துடிப்பின் நேரத்தையும் நீட்டி, சூட்டைக் குறைத்து, நுனியைக் குளிரவைத்து, கை தெரிந்தவர் செய்ய வேண்டும். அதற்கு விலை ஒன்று உண்டு, 1064 மெல்லிய முடியை அவ்வளவாகப் பிடிக்காது. தாடைத் தடிமுடிக்குச் சரி. கன்னத்துப் பூனை முடிக்கு நான் யாரையும் லேசரில் உட்கார வைக்க மாட்டேன். நம்மைப் போன்ற நிறத்தில், அதுவும் ஹார்மோன் கோளாறு இருந்தால், பூனை முடி மேல் அரைகுறைச் சூடு பட்டு அதுவே தடித்து வளர்ந்துவிடுகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டு வருவார்கள்.

மூன்று சிட்டிங்கில் முடிந்துவிடும் என்பது நடக்காது. எந்த நேரத்திலும் ஒரு பகுதி முடிதான் வளரும் நிலையில் இருக்கும், லேசர் அதை மட்டும்தான் பிடிக்கும், மீதி தூங்கிக்கொண்டிருக்கும். முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு எட்டு தடவையாவது ஆகும், பிறகும் வருடத்துக்கு ஒன்றிரண்டு. நான்கரை மாதத்தில் குறையும், காணாமல் போகாது. த்ரெட்டிங்கை இன்றோடு நிறுத்துங்கள். வேரைப் பிடுங்கிவிட்டால் லேசருக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு மாதம் பிடுங்காமல், ரேசரால் மழித்துக்கொள்ளுங்கள். மழித்தால் தடிப்பாக வளரும் என்று அம்மா சொல்வார்கள், வளராது. மொட்டையாக வெட்டிய நுனி கையில் குத்தும், அவ்வளவுதான்.

எங்கே போனாலும் முதலில் காதுக்குக் கீழே ஓரிடத்தில் ஒன்றிரண்டு ஷாட் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லி, சில நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். நம் தோல் உடனே கறுக்காது, நாள் எடுத்துக்கொண்டு கறுக்கும். அதற்கு முடியாது என்று சொல்கிற இடத்தில் உட்காராதீர்கள். கண்ணுக்கு மூடி கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. தாடைத் தடிமுடி, கழுத்துக் கறுப்பு இரண்டும் ஒன்றாக இருக்கிறது என்றால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை, அம்மாவைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. பி.சி.ஓ.எஸ். என்கிற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்காமல் லேசருக்குப் பணம் கட்டினால், குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதைதான்.

மருந்துக்கடை_அண்ணன்:

எல்லாரும் லேசரைப் பற்றியே பேசுகிறீர்கள். தங்கச்சி, அந்த ராத்திரி கிரீம் பெயர் என்ன? ட்யூப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதைப் பார்த்து எழுதும்மா.

டோல்கேட்_தங்கச்சி:

அண்ணா, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று இருக்கிறது. எங்கள் தெருமுனை மெடிக்கலில் கொடுத்தது, பக்கத்து வீட்டு அக்காவும் இதுதான் போடுகிறார்கள். போட்ட பதினைந்தாவது நாளே மங்கு குறைந்து முகம் வெளுத்தது. நடுவில் ஊருக்குப் போனபோது ஒரு வாரம் விட்டேன், சிவந்து எரிந்து பருவாக வந்தது, மறுபடி போட்டதும் அடங்கிவிட்டது. அதனால்தான் நல்ல கிரீம் என்றேன்.

மருந்துக்கடை_அண்ணன்:

நினைத்தேன். விட்டால் எரிகிறது, போட்டால் அடங்குகிறது என்றால் அது நல்ல கிரீம் இல்லையம்மா, முகம் அதற்கு அடிமையாகிவிட்டது என்று அர்த்தம்.

மொமெட்டசோன் ஸ்டீராய்டு. இந்த மூன்றும் சேர்ந்த களிம்பு மங்குக்கு உண்மையான மருந்துதான், டாக்டர்களே எழுதுவார்கள், ஆனால் எட்டு வாரம் போல, அதுவும் அவர் கண்காணிப்பில். இரண்டு வருடம் முகக் கிரீம் மாதிரி பூசுவதற்கு இல்லை. ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும், மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு வரும், பூனை முடி வளரும். உன் கன்னத்தில் ஒரு வருடமாக முடி அதிகமாகிறது என்றாயே, அதில் இந்த ட்யூபின் பங்கு இருக்கலாம். ஹைட்ரோகுயினோனை அளவில்லாமல் வருடக்கணக்கில் போட்டால் சிலருக்கு நீலம் கலந்த கறுப்பாகத் தோலிலேயே படிந்துவிடும், அதைப் போக்குவது ரொம்பக் கஷ்டம். ட்ரெட்டினாயின் மேல்தோலை உரிக்கும், அந்த முகத்தில் லேசரோ ப்ளீச்சோ பட்டால் என்ன ஆகும் என்று நர்ஸம்மாவைக் கேள். கல்யாணம் ஆகி உண்டானால் அதைத் தொடவே கூடாது.

என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசாங்கம் எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. எங்கள் கடையிலும் "அண்ணே அந்த வெளுப்பு ட்யூப்" என்று தினமும் நாலு பேர் வருகிறார்கள், இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். சீட்டில்லாமல் கொடுக்கிற கடை எப்படியும் ஒன்று இருந்துவிடுகிறது.

நீயாக ஒரே நாளில் நிறுத்தாதே. தோல் டாக்டரிடம் ட்யூபையே எடுத்துக்கொண்டு போ, வீரியம் குறைந்ததாக மாற்றிப் படிப்படியாக இறக்குவதா, வேறு மருந்து கொடுப்பதா என்று அவர் சொல்வார். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடு, காசு கிடையாது.

ராயபுரம்_ராணி:

ஏன் எல்லாரும் கல்யாணப் பெண்ணைப் போட்டு இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? நான் பார்லரில்தான் லேசர் செய்தேன், ஆறு தடவை, ஒன்றும் ஆகவில்லை, முடியும் குறைந்தது. டாக்டரிடம் போனால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு வாங்குகிறார்கள்.

லேசர்ரூம்_நர்ஸ்:

ராணி அக்கா, உங்களுக்கு நன்றாக நடந்ததில் சந்தோஷம்தான். நீங்கள் என்ன நிறம், எந்த மெஷின்?

ராயபுரம்_ராணி:

நான் கொஞ்சம் சிவப்பு. மெஷின் தெரியாது, வெள்ளையாக இருந்தது.

காசிமேடு_கடல்காத்து:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், இந்த கெரட்டினை யாரும் பேசவில்லையே. போன வருடம் என் தங்கைக்குச் செய்தார்கள், நான் கூடப் போய் உட்கார்ந்திருந்தேன். மருந்து பூசி சூட்டுக் கம்பி வைத்ததும் புகை, கண்ணில் மிளகாய்ப்பொடி போட்டது மாதிரி, நானே வெளியே ஓடிவிட்டேன். அந்தப் பெண்கள் நாள் முழுக்க அதில் நிற்கிறார்கள் பாவம். பிறகு படித்தேன், இந்த நேராக்குகிற மருந்துகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு வெளியேறுமாம், பிணத்தைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் இருக்கிறதே அதே சாமான்தான். தங்கை முடி மூன்று மாதம் பட்டு மாதிரி இருந்தது. நான்காவது மாதம் எங்கள் போர் தண்ணீரே ஜெயித்துவிட்டது.

டோல்கேட்டிலும் போர் தண்ணீர் உப்புதானே? கடல் பக்கத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது, பாதி வறட்டுத்தனம் அதுதான். தலைக்குக் குளிக்கும்போது கடைசி இரண்டு சொம்பு மட்டும் குழாயில் வருகிற மெட்ரோ தண்ணீரில் அலசச் சொன்னோம், கண்டிஷனர் போடச் சொன்னோம், இப்போது பரவாயில்லை.

அப்படியே என் மண்டையையும் யாராவது பாருங்களேன், 29 வயதில் முன்பக்கம் ஏறுகிறது, முடி வளர மினாக்சிடில் போட்டு மூன்று வாரம் ஆகிறது, இன்னும் அதிகமாகக் கொட்டுகிறது.

மருந்துக்கடை_அண்ணன்:

தம்பி, ஆரம்பத்தில் சில வாரம் கொட்டத்தான் செய்யும், பழைய முடியைத் தள்ளிவிட்டுத்தான் புதிது வரும். நாலு ஆறு மாதம் போடாமல் தீர்ப்புச் சொல்லாதே. மீதிக்குத் தனி இழை ஆரம்பி, இது கல்யாணப் பெண்ணுடையது.

வியாசர்பாடி_அக்கா:

தங்கச்சி, பர்மா பஜார் பக்கம் வேலை பார்க்கிறாய், அதனால் சொல்கிறேன். அங்கே டப்பாவில் வருகிற வெளிநாட்டு வெளுப்புக் கிரீம் பக்கம் மட்டும் கையை நீட்டாதே. என்ன போட்டிருக்கிறது என்று எழுதாமல் வருகிற சிலவற்றில் பாதரசம் இருக்கும். கேரளாவில் மலப்புரத்தில் இப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, சிறுநீரில் புரதம் போனதை டாக்டர்கள் கண்டுபிடித்தது 2023-இல் பேப்பரில் எல்லாம் வந்தது.

லேசர்ரூம்_நர்ஸ்:

மங்கைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். மங்குக்கு லேசர் முதல் மருந்து இல்லை, பல சமயம் சூடு பட்டால் இன்னும் கறுக்கும். அடுப்புச் சூடுகூடச் சிலருக்கு ஆகாது. வெயிலில் புற ஊதா மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நம் நிறத்தில் மங்கைக் கிளப்பும். அதனால் சாதாரண வெள்ளை சன்ஸ்க்ரீனைவிட, அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்க்ரீன் வாங்குங்கள், எஸ்.பி.எஃப். 30-க்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்குமாக ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் அளவு சரி, நம் ஆட்கள் கடுகளவு வைத்துத் தேய்த்துவிட்டுப் பலன் இல்லை என்பார்கள். வண்டியில் துப்பட்டா கட்டுவது நல்லதுதான், அதோடு இதுவும்.

டோல்கேட்_தங்கச்சி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லாருக்கும் நன்றி. ஸ்டான்லிக்குப் போனேன், அம்மாவும் வந்தார்கள். டாக்டரம்மா ட்யூபைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் என் கன்னத்தில் விளக்கு அடித்து, பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்து பேர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு தனியாக உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். மருந்துக்கடை அண்ணன் சொன்னதுதான், மெதுவாக இறக்குகிறார்கள், நடுவில் கொஞ்சம் சிவந்து எரிந்தது, அதோடு வெறும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும்தான் இப்போது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் பார்த்ததில் பி.சி.ஓ.எஸ். இருக்கிறது, அதற்குத் தனியாக மாத்திரை. லேசர் கல்யாணத்துக்கு முன் வேண்டாம், தோல் தேறிய பிறகு 1064-இல் தாடைக்கு மட்டும் என்றார். அதுவரைக்கும் ரேசர். அம்மா இன்னும் நம்பவில்லை, நான் மழித்துவிட்டு வெளியே வரும்போதெல்லாம் ஏதோ மீசை முளைத்திருக்கிற மாதிரி உற்றுப் பார்க்கிறார்கள்.

மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு மங்கு என்றால் என்ன என்றே தெரியவில்லை.

பார்லரில் அட்வான்ஸ் 2,000 திருப்பித் தர மாட்டார்களாம், அதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்துகொள்ளச் சொல்கிறார்கள். முகத்தைத் தவிர என்ன செய்துகொள்ளலாம்?

வியாசர்பாடி_அக்கா:

காலுக்கு பெடிக்யூர், கைக்கு மருதாணி. மருதாணி கறுப்புக் கோன் வேண்டாம், அதில் தலைச்சாயம் கலக்கிறார்கள், கொப்பளித்துவிடும். இலையை அரைத்துத் தரச் சொல், சிவக்கிற அளவுக்குச் சிவக்கட்டும்.

டோல்கேட்_தங்கச்சி:

சரி அக்கா. பெடிக்யூருக்கு ஒரு ஆள் கூடக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன், வரலாம் என்றார்கள். அம்மாவைக் கூட்டிப் போகிறேன், என் கழுத்தைத் தேய்த்த கைக்கு ஏதாவது செய்யட்டும்.